பூட்டாகி நின்ற மருந்து

வத்திராயிருப்பில் இருக்கும் என் பெரியம்மா, முடக்குவாதத்திற்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை உட்கொள்கிறார். அதன் பக்கவிளைவைத் தணிக்க வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம். ஃபோலிக் அமிலத்தின் பணியைத் தடுப்பதே முன்னதன் இயல்பு. பகைவரான இவ்விரண்டும் ஒரே மனிதரின் தலைமையில் உருவானவை என்பதைப் பலர் அறியார். அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப்பட்டம் பெறாமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். 1923இல் பாஸ்டன் சென்றார். ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவருடன் ஆய்ந்து, 1929இல் உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைக் கண்டறிந்து வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமனும் அதைத் தனியே கண்டறிந்தார். ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாததால் 1940இல் லெடர்லி நிறுவனத்திற்குச் சென்றார். மேற்சொன்ன மருந்துகள் அங்கு பிறந்தவை. 1948இல், 53ஆம் வயதில் மறைந்தார்.

அவர் மறைந்து 38 ஆண்டுகளுக்குப் பின், அம்மருந்து எதிர்பாராத ஓரிடத்தில் பயன்பட்டது. உயிரணுவுக்குள் ஏ.டி.பி.யைப் பெருமளவில் ஆக்கித் தருவது மைட்டோகாண்ட்ரியா. மனித மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த மரபணுக்கள் தருவன 13 புரதங்களே. ஏனைய ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வெளியே உருவாகி உள்ளே வரவேண்டும். வாயிலோ மிகக் குறுகியது. மடிந்து சுருண்ட புரதம் எப்படி நுழையும்?

1986இல் பாசல் நகரில் ஐலர்ஸும் ஷாட்ஸும் ஒரு சோதனை செய்தனர். சுண்டெலியின் நொதி ஒன்றின் முனையில் மைட்டோகாண்ட்ரியாவுக்குரிய 'முகவரித் துண்டை' ஒட்டினர். அது உள்ளே சென்றது. பின்னர் மெத்தோட்ரெக்சேட்டைச் சேர்த்தனர். அம்மருந்து அந்த நொதியை இறுகப் பற்றி, மடிப்பு அவிழாமல் பூட்டிவிடும். நொதி வெளியிலேயே நின்றுவிட்டது. நூற்பந்து ஊசிக்காதில் நுழையாது. நூல் பிரிந்துதான் நுழையவேண்டும் என்பது தெளிவாயிற்று.

அவிழ்ந்த இழையை முதலில் ஈர்ப்பது உட்சவ்வின் மின்னழுத்தம். பிறகு உள்ளிருக்கும் ஒரு துணைப்புரதம் ஏ.டி.பி.யைச் செலவிட்டு அதை முழுமையாக உள்ளே கொணர்கிறது. ஆக, வாயிலின் இயல்பைக் காட்டிய பூட்டும், உள்ளிழுக்கும் ஆற்றலும் சுப்பாராவின் பெயரோடு இணைந்தவை. அவருக்கு நோபல் பரிசு கிட்டவில்லை. நூற்றாண்டான 1995இல் நம் அஞ்சல் துறை ஒரு தபால்தலை வெளியிட்டது.

சென்ற வாரம் மாத்திரையை எடுத்துக் கொடுக்கையில் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். உறையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம மெட்ராஸ்ல படிச்ச பிள்ளையாப்பா?" என்று கேட்டார்.