ஏரிக்கு அப்பால் – 6: வால்வுக்குள் ஒரு தூசு

கணினி நிறுத்தச் சொல்கிறது. கூட இருக்கும் நிபுணர்களோ, ஏவலாம் என்கிறார்கள். முடிவு சொல்ல வேண்டியவர் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாம். சென்ற வாரம் அவரை அந்த இக்கட்டில்தான் விட்டு வந்தோம்.

1979 ஆகஸ்ட் 10, காலை நேரம். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினால் எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டியதும் தமிழ்நாடு முடிந்துவிடும். தடா கடந்து சூலூர்பேட்டையில் இறங்கிக் கிழக்கே போனால், பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. தீவு ஆந்திராவுடையது, ஏரியின் தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தீவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டின் நெருப்பு பழவேற்காட்டுக் குப்பங்களுக்கும் தெரியும். ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதீர்கள் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். தேசம் கைதட்டும் நாள் அவர்களுக்குப் பாடு இல்லாத நாள். விண்வெளி வரலாற்றில் அந்தக் கணக்கையும் யாராவது எழுதிவைக்க வேண்டும்.

இந்தத் தீவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்கு நோக்கி ஏவினால் அந்த வேகமும் ராக்கெட்டுக்குச் சேரும். எரிந்து முடிந்த அடுக்குகள் ஊர்மேல் விழாமல் வங்கக் கடலில் விழும். ராக்கெட்டே தவறினாலும் கடலில்தான் விழும்.

கலாம் என்ன செய்தார்? அதைப் பின்னாளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ சரியில்லை என்று கணினி காட்டியது. அதில் திரவம் கசிந்தாலும் இருப்பு போதும் என்று நிபுணர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு, ஏவும்படி உத்தரவிட்டார்.

மணி 7:58. 23 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்கு. எஸ்.எல்.வி.-3 எழுந்தது. முதல் அடுக்கு பிசகில்லாமல் எரிந்து பிரிந்தது. இரண்டாம் அடுக்கு பற்றியதும் ராக்கெட் திசை தடுமாறியது. திருப்பிப் பிடிக்க வழியில்லை. 317 வினாடிகளில் எல்லாம் முடிந்தது. கரையிலிருந்து 560 கிலோமீட்டர் தள்ளி, நான்காம் அடுக்கும் செயற்கைக்கோளும் கடலில் விழுந்தன. பல ஆண்டு உழைப்பின் வயது ஐந்தேகால் நிமிடம்.

பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். டெல்லியில் சரண்சிங் பிரதமராகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தோற்றுப்போன திட்டத்துக்கு யார் அரணாக நிற்பார்கள் என்று தெரியாத காலம். கலாமை முன்னே தள்ளிவிட்டு இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் ஒதுங்கியிருக்கலாம். அவர் தானே போய் முன்னால் உட்கார்ந்தார். தோல்விக்கான பொறுப்பைத் தான் ஏற்றுக்கொண்டு, தன் ஆட்கள் அடுத்த ஆண்டு சாதிப்பார்கள் என்றார்.

பிறகு தேடல். விழுந்த ராக்கெட் கடலடியில். கையில் இருந்தவை அது அனுப்பிய அளவீடுகள் மட்டுமே. அவற்றை வைத்துக் கொண்டே காரணத்தைப் பிடித்தார்கள். இரண்டாம் அடுக்கைத் திசை திருப்பும் அமைப்புக்கு நைட்ரிக் அமிலம் வேண்டும். அந்தத் தொட்டியின் வால்வில் தூசு சிக்கியிருந்தது. புறப்படுவதற்கு முன்பே வால்வு மூடாமல் நின்று, அமிலம் கசிந்து போயிருந்தது. கணினி சொன்னது சரி. ஆய்வுக் கூட்டத்தில் கலாம் எழுந்து, பொறுப்பு தன்னுடையது என்றார். தவான் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. இத்தொடருக்காக நான் படித்தவற்றில் என்னை அதிகம் உலுக்கிய இடம் இதுதான்.

1980 ஜூலை 18, காலை 8:03. அதே கடற்கரை, அதே வகை ராக்கெட். இம்முறை 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் போய் உட்கார்ந்தது. அன்று தவான் முன்னால் வரவில்லை. பத்திரிகையாளர்களிடம் நீங்களே பேசுங்கள் என்று கலாமை அனுப்பிவைத்தார்.

35 கிலோ போதுமா? 150 கிலோவைத் தூக்க வேண்டும் என்று முடிவானது. எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கைப் போலவே இரண்டு மோட்டார்களைச் செய்து, ராக்கெட்டின் இருபுறமும் கட்டினார்கள். பிறந்தது ஏ.எஸ்.எல்.வி.

1987 மார்ச் 24. பக்கவாட்டு மோட்டார்கள் இரண்டும் சீறின. ராக்கெட் தீவை விட்டு எழுந்து கடலுக்கு மேல் சென்றது. ஐம்பது வினாடி போல எரிந்து, இரண்டும் தீர்ந்தன. அந்தக் கணத்தில் நடுவில் இருக்கும் மோட்டார் பற்றியாக வேண்டும்.

பற்றவில்லை.

பற்றவைக்கும் கட்டளை போகவே இல்லையா? போயும் மோட்டார் கேட்கவில்லையா? இரண்டில் எது என்று தெரியாமல் அடுத்த ராக்கெட்டைத் தொட முடியாது. ஆய்வுக்குழு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது.

(அடுத்த வாரம்)