கூம்புக் குழாயிலிருந்து சப்வூஃபர் வரை



பேரன் குறைந்த விலையில் சப்வூஃபர் வாங்கலாம் தாத்தா என்றான். அவனுக்குச் சொன்ன பழைய கதை இது.

நம் கரிசல் ஊர்க் கொடைகளில் பாட்டென்றால் கூம்புக் குழாய்தான். கம்மாய் தாண்டியும் கேட்கும்; அடிநாதம் மட்டும் வராது. 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ வந்தபோது, இன்று கோவில்பட்டியில் சிலையாக நிற்கும் காருகுறிச்சியாரின் நாயனம் அந்தக் குழாயில் கணீரென்று ஒலித்தது. நாயனம் மேல் ஒலி, அதனால் தப்பித்தது. தவிலின் இடந்தலைத் தோல் தளர்வானது. அந்தக் கனத்த அடி குழாயில் அமுங்கிப் போகும். அதற்குப் பெரிய கூம்புத்தாள் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சப்வூஃபரின் வேலையே அதுதான்.

ஆகவே, பெட்டியில் அச்சிட்ட பி.எம்.பி.ஓ. ஆயிரங்களை நம்பாதீர்கள், ஆர்.எம்.எஸ். வாட்ஸ் பாருங்கள். சின்ன அறைக்கு 8 அங்குலம் போதும். கடையில் தனி ஆவர்த்தனம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டால் வாங்கலாம். ‘கும்’மென்று நீண்டால் வேண்டாம்.

வயதாகி எனக்குக் கீச்சொலிகள் கேட்பதில்லை. தவிலின் கனத்த அடி இன்னும் கேட்கிறது. அதனால்தான் சரியென்றேன்.