ஜீரோ டிராப் காலணி

குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் நிற்கும்படி செய்த ஓட்டக் காலணி. வழக்கமான ஓட்டக் காலணிகள் பலவற்றில் குதிகால் 8 முதல் 12 மி.மீ. உயர்ந்திருக்கும். நம் ஊர் டயர் செருப்பு இதற்கு நெருங்கிய உறவு: தட்டையான அடி, மெத்தை கிடையாது.

ஒரு காலணி எவ்வளவு எளிய (மினிமலிஸ்ட்) வகை என்று அளக்க 2015-இல் ஆய்வாளர் எஸ்கூலியே குழுவினர் வகுத்த மதிப்பீட்டு முறை எடை, அடியின் தடிமன், உயர வேறுபாடு, வளையும் தன்மை, பாதத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள் என ஐந்தைப் பார்க்கிறது. 125 கிராமுக்குக் குறைந்த எடைக்கும் 8 மி.மீ.க்குக் குறைந்த அடிக்கும் முழு மதிப்பெண். மலைப்பாதைக்கு இந்த மதிப்பெண் மட்டும் போதாது, பிடிமானமும் வேண்டும்.

கிருஷ்ணகிரி, இராயக்கோட்டைக் குன்றுகளே பிடிமானத்துக்கு உரைகல். காய்ந்த கருங்கல் சரிவில் மெல்லிய ரப்பர் பாறையோடு படிந்து பற்றும். சரளைக்கல் கிடக்கும் இடத்திலோ ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் சுருக்கென்று குத்தும்.

இத்தகைய காலணியால் காயம் குறையும் என்ற தன் விளம்பரத்தை எதிர்த்த வழக்கில், விரல்கள் தனித்தனியே பிரிந்த காலணி செய்யும் விப்ரம் நிறுவனம் 2014-இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. குதிகால் தாழ்வதால் கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் சுமை கூடும். புதியவர்கள் முதல் வாரங்களில் குறைந்த தூரமே ஓட வேண்டும்.