சிறு காரும் மூன்று சாட்சிகளும்

உழவர் மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பர், சுழி பார்ப்பர், ஏரிற் பூட்டி நாலடி நடத்திப் பார்ப்பர். தரகன் சொல்லுக்கு ஒரு மதிப்புண்டு; அம்மாட்டை முன்னர் வைத்திருந்தவன் சொல்லுக்கு வேறொரு மதிப்புண்டு. எவர் சொல்லை எவ்வளவுக்கு ஏற்பது என்று துணிவதே வாங்குவோனின் அறிவாகும். மாட்டு வண்டியின் இடத்தை மோட்டார் வண்டி பற்றிக்கொண்ட பின்னரும் இவ்வறிவின் தேவை குறையவில்லை. நடுத்தரக் குடும்பமொன்று வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை செலவிட்டு வாங்கும் பொருள் கார் ஆகும். ஆண்டுகள் பல சேர்த்த பணத்தை ஒரே நாளிற் கொடுத்து வாங்கும் பொருளைப் பற்றி, அதை ஓட்டிப் பார்த்து மதிப்புரை எழுதுவோர் ஒன்று கூறுவர். அதை வைத்திருப்போர் வேறொன்று கூறுவர். இவ்விரு கூற்றுகளும் நம் நாட்டில் எவ்வாறு எடைபோடப்பட்டு வந்தன என்பது சுவையான ஒரு வரலாறு.

களனி கங்கையின் வடகரையில், கொழும்பிலிருந்து நீர்கொழும்புக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது வத்தளை. தலைநகரில் தொழில் பார்த்து, ஆற்றுக்கு அப்பாற் குடியிருக்கும் எழுதுவினைஞரும் ஆசிரியரும் வணிகரும் நிறைந்த ஊர் அது. அவர்தம் அன்றாடப் பயணத்தின் வரலாறு ஆற்றைக் கடந்த வரலாறே. 1822ஆம் ஆண்டிற் படகுகளைப் பிணைத்து ஒரு பாலம் அமைக்கப்பட்டது. 1895இல் அதன் இடத்தில் விக்டோரியா இரும்புப் பாலம் எழுந்தது. 1959இல் மற்றொரு பாலமும், 2021 நவம்பரில் வடங்கள் தாங்கும் புதிய பாலமும் திறக்கப்பட்டன. பாலங்கள் பெருகியபோது வண்டிகளும் பெருகின; காலையிலும் மாலையிலும் அவை ஊர்ந்தே சென்றன. இத்தகைய ஊரிற் கார் வைத்திருப்பவனுக்கு, அது மணிக்கு எத்தனை மைல் ஓடும் என்பது பெருங் கேள்வியன்று. நின்று நின்று செல்லும்போது எஞ்சின் கொதிக்குமா, கிளச் எத்தனை ஆண்டு தாங்கும், ஒரு கலன் பெற்றோலுக்கு எவ்வளவு தூரம் போகும், பழுதுபட்டால் உதிரிப்பாகம் கிடைக்குமா என்பனவே அவனுடைய கேள்விகள்.

மதிப்புரை எழுதும் வழக்கமோ வேறொரு நாட்டின் சாலைகளில் வளர்ந்தது. இங்கிலாந்தில் ‘ஓட்டோகார்’ என்னும் ஏடு 1895ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. அந்நாட்டு ஏடுகள் புதிய வண்டியொன்றைப் பெற்று, செப்பமான சாலைகளிற் சில நாள் ஓட்டி, அதன் வேகம், ஏற்றம் ஏறும் வலு, பிறேக் பிடிக்கும் தூரம் முதலியவற்றை அளந்து எழுதின. அவ்வேடுகள் கப்பலேறிக் கொழும்புக்கு வரக் கிழமைகள் பல கழிந்துவிடும். 1922இல் வெளிவந்த ஒஸ்ரின் செவன் என்னும் சிறு காரைப் பலர் விளையாட்டுப் பொருளென நகைத்தனர். ஆயினும் மோட்டார்ச் சைக்கிளுக்கு மேல் எதையும் எண்ணிப்பாராத குடும்பங்களைக் காருக்குரியவர்களாக்கியது அதுவே. ‘குழந்தை ஒஸ்ரின்’ எனச் செல்லப் பெயர் பெற்று, 1939 வரை அது உற்பத்தி செய்யப்பட்டது.

சிறு காரை அறிஞர் குறைத்து மதிப்பிட்டது அஃதொன்றே அன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது செருமனியின் வோக்ஸ்வாகன் காரை ஆராய்ந்த பிரித்தானிய மோட்டார்த் துறையினர், அதற்குச் சந்தையில் எதிர்காலமில்லை என்று ஒதுக்கினர். அவ்வண்டி 2003ஆம் ஆண்டு வரை, 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் உருவாகியது. 1948இற் பாரிசுக் கண்காட்சியிற் சித்ரோவன் நிறுவனம் காட்டிய மலிவுக் காரைப் பத்திரிகையாளர் எள்ளினர். வாங்க விரும்பியோரோ ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். அதன் உற்பத்தி 1990 வரை நீடித்தது.

பாரிசில் அக்கார் நகைப்புக்குள்ளான அதே ஆண்டு, இலண்டன் கண்காட்சியில் மொறிஸ் மைனர் முதன்முதலாக வைக்கப்பட்டது. இலங்கை மக்கள் உள்ளத்தில் இடம்பிடித்த சிறு கார் இதுவே. இதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். நிறுவனத்தின் தலைவராகிய நஃபீல்ட் பிரபுவே இதன் வடிவத்தைக் கண்டு, நீரில் வேகவைத்த முட்டை போலிருக்கிறதென்று இகழ்ந்ததாகக் கூறுவர். ஏடுகளோ நடுநிலையாகவே எழுதின. சாலையை விட்டு வழுவாது வளைவுகளிற் செல்லும் திறத்தையும், சுக்கானின் நேர்த்தியையும் அவை புகழ்ந்தன. பழைய மொறிஸ் எயிற் காரிலிருந்து வந்த 918 கன சென்றிமீற்றர் எஞ்சின் வலுக் குறைந்தது என்று குறை கூறின. அவை அளந்தவற்றைச் சரியாகவே அளந்தன என்பதில் ஐயமில்லை. 1952க்குப் பின் ஒஸ்ரின் நிறுவனத்தின் எஞ்சின் அதிற் பொருத்தப்பட்டமையே அதற்குச் சான்றாகும்.

ஆயினும் சில நாட் சோதனையில் ஏட்டாளர் காணமுடியாத ஒன்றை உரிமையாளர் கண்டனர். மைனரின் முன்சில்லைத் தாங்கும் கீழ்மூட்டு, காலந்தவறாது கிறீஸ் இடப்படாவிடின் தேய்ந்து கழன்றுவிடும்; சில்லு மடிந்து வண்டி சாலையில் விழுந்துவிடும். புதிய வண்டியை ஒரு கிழமை ஓட்டுபவருக்கு இக்குறை தெரிய வழியில்லை. பத்தாண்டு ஓட்டியவனும் அவனுடைய கராச்சுக்காரனுமே இதை அறிவர். ஆகவே பழைய மைனரை வாங்கச் சென்றவர், வண்ணத்தையும் ஆசனத்தையும் பார்க்கு முன்னர் முன்சில்லைத் தூக்கி அசைத்துப் பார்த்தனர். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்த பழைய அறிவு இவ்வாறு சில்லுக்கு இடம்மாறியது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இங்கிலாந்து ஏடுகள் புதிய வண்டிகளைப் பற்றி எழுதிக்கொண்டேயிருந்தன. ஆனால் அவற்றை வாங்கும் வழி இங்கு அடைபட்டிருந்தது. அன்று முதல் உரிமையாளர் நாடிய மதிப்புரை, கொழும்பின் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்போரின் வாய்மொழியே. எந்தக் காரின் பாகம் எளிதிற் கிடைக்கும், எதனுடையதை வேறொன்றிலிருந்து கழற்றிப் பொருத்தலாம் என்பதே காரின் விலையைத் தீர்மானித்தது. பழையதைப் பேணும் இக்கலை பின்னர்க் கடல் கடந்தும் மதிக்கப்பட்டது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைச் செப்பனிடும் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர், 1990களில் அக்காருக்குரிய பாகங்களை இலங்கையிலேயே செய்விக்கும் முயற்சியில் ஈடுபட்டார். பிறந்த நாட்டில் உற்பத்தி நின்று இருபதாண்டு கடந்த காருக்கு, அது குடியேறிய நாட்டிலிருந்து பாகங்கள் சென்றன.

உரிமையாளர் சாட்சியத்துக்கு மிகக் கடுமையான சோதனை யாழ்ப்பாணத்தில் வந்தது. 1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அங்கிருந்த ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களை மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினர். சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொண்டனர். புகை கக்கினும் வண்டி ஓடியது. காரணம், அப்பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவாக இருந்தமையே. அதே குறைந்த அமுக்கந்தான் அவை வலுக் குறைந்திருந்தமைக்கும் ஒரு காரணம். நாற்பதாண்டுக்கு முன்னர் இங்கிலாந்து ஏடு குறையென எழுதிய குணம், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேறு வழியற்ற ஊரிற் பெருங் குணமாயிற்று. ஏடு பொய் சொல்லவில்லை. அது கேட்ட கேள்வி வேறு, வாழ்க்கை கேட்ட கேள்வி வேறு.

இதனைக் கொண்டு உரிமையாளர் சொல்லே வேதமென முடிவுகட்டுவது பிழையாகும். பெரும்பணம் கொடுத்தவன் தான் ஏமாந்ததை எளிதில் ஒப்புக்கொள்ளான். தன் தெரிவைப் புகழ்ந்து தன்னையே தேற்றிக்கொள்வான். அன்றியும் இன்று சாலையிற் காணப்படும் மைனர்கள் எஞ்சியவையே. இடையிற் கெட்டு இரும்புக் கடைக்குச் சென்றவற்றின் உரிமையாளர் குரல் நம் காதில் விழுவதில்லை. ஒருவருடைய அனுபவம் ஒரு வண்டியின் கதையே. இக்குறையை உணர்ந்தே, அமெரிக்காவில் 1936இல் நிறுவப்பட்ட நுகர்வோர் ஒன்றியம், 1950களில் தன் வாசகர்களிடம் வினாக்கொத்து அனுப்பி, எந்தக் காரில் எந்தப் பாகம் பழுதாகிறது என்று தொகுக்கத் தொடங்கியது. பலருடைய அனுபவம் ஒருங்கு திரண்டபோதே அது நம்பத்தக்க சாட்சியமாயிற்று.

1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் யப்பானியக் கார்கள் இலங்கைச் சாலைகளை நிறைத்தன. இந்தியாவில் 1983 திசெம்பரில் முதலாவது மாருதி 800 கார் டில்லியில் உரியவரிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் அச்சிறு கார் இங்கும் பல குடும்பங்களின் முதற் காராயிற்று. 2008 சனவரியில் டாட்டா நிறுவனம் ஓரிலட்சம் இந்திய ரூபா விலையில் நனோ என்னும் காரை அறிமுகஞ் செய்தபோது உலகின் கண் முழுவதும் அதன்மேற் படிந்தது. சிறிய உடலில் நால்வர் வசதியாக அமரச் செய்த திறத்தை ஏட்டாளர் போற்றினர். மோட்டார் எழுத்தாளர் குழுவொன்று வழங்கும் 2010ஆம் ஆண்டின் இந்தியக் கார் என்னும் விருதும் அதற்குக் கிடைத்தது. ஆயினும் வாங்குவோர் தயங்கினர். சில கார்கள் தீப்பற்றிய செய்தி ஒரு காரணம்; ‘மிக மலிவான கார்’ என்ற பெயரே மற்றொரு காரணம். வாயிலில் நிற்கும் கார் வீட்டின் நிலையை அயலாருக்கு உரைக்கும் நாட்டில், மலிவு என்பதைப் பெருமையாக ஏற்பவர் சிலரே. 2011இல் நனோ இலங்கைக்கும் வந்தது. கொழும்பு வீதிகளில் வாடகைக் காராகவும் ஓடியது. 2018இல் அதன் உற்பத்தி ஓய்ந்தது.

இதுவரை இரு சாட்சிகளைக் கண்டோம். மூன்றாவது சாட்சி 2014 சனவரியில் வெளிப்பட்டது. குளோபல் என்காப் என்னும் அமைப்பு, இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் தடையொன்றின்மீது மோதச்செய்து பார்த்தது. மாருதி அல்ட்டோ 800, டாட்டா நனோ, ஹியுண்டாய் ஐ-10, ஃபோர்ட் ஃபிகோ, காற்றுப்பை இல்லாத வோக்ஸ்வாகன் போலோ ஆகிய ஐந்துமே, பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. இவற்றுள் ஐ-10, நனோ, ஃபிகோ ஆகிய மூன்றும் முன்னர் ஏட்டாளர் கையால் ஆண்டின் சிறந்த கார் என்னும் விருது பெற்றவை. உரிமையாளரும் இக்கார்களின் சிக்கனத்தை வாயாரப் புகழ்ந்தவர்களே. விருது வழங்கியவரும் பொய்யுரைக்கவில்லை, புகழ்ந்தவரும் பொய்யுரைக்கவில்லை. தன் காரைத் தானே சுவரில் மோதிப் பார்க்கும் உரிமையாளன் எவனுமில்லை; ஏட்டாளரும் அவ்வாறு செய்வதில்லை. அவ்வொரு நொடியின் உண்மையை ஆய்வுகூடமே கூறவல்லது.

அண்மைக் காலத்து நெருக்கடிகள் இவ்வெடைபோடலை மேலும் சிக்கலாக்கின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு வழி மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய சிறு கார்களின் விலை ஏறியது. வாங்கிய விலைக்கு மேல் விற்கலாம் என்ற நிலை வந்தபோது, உரிமையாளர் வாயிலிருந்து தம் காரின் குறை வெளிவருவது அரிதாயிற்று. 2022 யூலையில் எரிபொருட் பங்கீடு வந்து, கிழமைக்கு 20 லீற்றர் மட்டுமே ஒரு காருக்குக் கிடைத்தபோது, வத்தளையிலிருந்து கோட்டைக்கும் வெள்ளவத்தைக்கும் நாள்தோறும் சென்றுவருவோர் ஒவ்வொரு லீற்றரையும் கணக்கிட்டனர். நிறுவனம் அச்சிட்ட கணக்குக்கும் நெரிசலில் ஓடிய கணக்குக்கும் உள்ள இடைவெளியை அன்று அவர்கள் தம் கைப்பணத்தால் அறிந்தனர்.

ஒரு நூற்றாண்டு வரலாறு உணர்த்துவது இதுவே: சாட்சி ஒவ்வொன்றும் தான் பார்த்த காலத்தின் அளவுக்கே உண்மை பேசும். ஏட்டாளர் சில நாள் பார்த்தவர். வண்டி எவ்வாறு ஓடுகிறது, அதனோடு ஒத்த விலையிலுள்ள பிறவற்றிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதற்கு அவரே தக்கவர். உரிமையாளர் பல்லாண்டு பார்த்தவர். எது தேயும், எது கிடைக்கும், எவ்வளவு செலவாகும் என்பதற்கு அவர்களே, அதுவும் பலராகச் சேர்ந்து பேசும்போது, தக்கவர். ஆய்வுகூடம் ஒரு நொடியைப் பார்த்தது. மோதினால் உள்ளிருப்போர் பிழைப்பரா என்பதற்கு அதனையன்றி வேறு சாட்சியில்லை. ஒரு சாட்சியிடம் கேட்கவேண்டியதை மற்றொருவரிடம் கேட்பதாலேயே பெரும்பாலோர் ஏமாறுகின்றனர்.

பழைய உழவன் மாட்டின் வலுவைத் தரகனிடம் கேட்டான். குணத்தை முன்னைய உரிமையாளனிடம் கேட்டான். அது முட்டுமா என்பதைத் தன் பிள்ளையை அருகில் விடுமுன் உறுதிசெய்தான். இன்று கார் வாங்கச் செல்பவரும், பெற்றோல் கணக்கையும் மறுவிலைக் கணக்கையும் பார்த்து முடிந்தபின், பின் ஆசனத்தில் உறங்கப்போகும் பிள்ளையை ஒருகணம் எண்ணிப்பார்த்து, அம்மூன்றாவது சாட்சியையும் அழைத்துக் கேட்பாராக.