கணினித் தாளமும் மேடை இசையும்: ஏலமலைச் சரிவிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மெல்லிசை மேடையில் மனிதக் கலைஞரோடு கணினியும் சேர்ந்து இசைக்கும்போது, தாளத்தின் காலத்தை வகுப்பவர் யார் என்னும் வினா எழுகிறது. போடிநாயக்கனூரை ஒட்டிய மலைச்சரிவில் உருவான ஓர் இசைக்குழுவை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

மலைச்சரிவின் மேடை

போடிநாயக்கனூருக்குத் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த ஊர் பண்ணைப்புரம். அவ்வூரினரான பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958ஆம் ஆண்டு தேவிகுளம் சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தலில், தோட்டத் தொழிலாளரான தமிழரிடையே அவர் பாடிப் பரப்புரை செய்தார். உடன் சென்ற தம்பி இளையராஜாவுக்கு அப்போது 14 வயது. அத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார்.

பரப்புரை மேடையில் பாட்டின் நீளம் முன்கூட்டி முடிவு செய்யப்படுவதன்று. கூட்டம் விரும்பினால் பல்லவி மீண்டும் பாடப்படும். பாடகர் இடையில் பேசத் தொடங்கினால் பக்கவாத்தியம் காத்திருக்கும். காலம் பாடகரிடமும் கூட்டத்திடமும் இருந்தது.

கணினியின் வருகை

மின்னணு இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி முறை 1983இல் அறிமுகமானது. இதன்வழி, சுரங்களை வரிசையாகப் பதிந்து மீண்டும் இசைக்கும் சீக்வென்சர் பரவலாயிற்று. இளையராஜா இசையமைத்த 'புன்னகை மன்னன்' (1986) தமிழ்த் திரையிசையில் இம்முறையைக் கையாண்ட தொடக்ககாலப் படங்களுள் ஒன்று. அவர் குழுவில் கீபோர்டு வாசித்த ஏ. ஆர். ரகுமான், 'ரோஜா' (1992) முதலாகக் கணினிவழி இசையமைப்பைப் பெருவழக்காக்கினார்.

அத்தகைய பாடல்களை மேடையில் நிகழ்த்த, பதிந்த பகுதிகளைக் கணினி ஒலிக்கச் செய்வது வழக்கமாயிற்று. தாளக்கலைஞர் காதொலிக்கருவியில் கேட்கும் 'கிளிக்' ஒலியைப் பற்றிக்கொண்டு வாசிக்கிறார். ஏனையோர் அவரைப் பின்தொடர்கின்றனர். ஓட்டம் தொடங்கிய பின் பாடகர் ஓர் அடியைக் கூடுதலாகப் பாட விரும்பினாலும், கணினி தானாக அவருக்காகக் காத்திராது.

மாற்றுவழி

இதனைக் கணினியின் இயற்கை எனக் கொள்ளுதல் பொருந்தாது. 1984இல் பாரிசில் நடந்த பன்னாட்டுக் கணினி இசை மாநாட்டில், மனிதர் வாசிப்பதைக் கேட்டு அதற்கேற்ப உடன் வாசிக்கும் கணினி முறைகளை ரோஜர் டானன்பெர்க், பாரி வெர்கோ ஆகிய இருவரும் தனித்தனியே முன்வைத்தனர். பக்கவாத்தியக்காரரின் பணியையே அவர்கள் கணினிக்குக் கற்பிக்க முயன்றனர். ஆயினும், மிடி புகுந்த அதே காலத்தில் தோன்றிய இவ்வழி மெல்லிசை மேடையில் பரவவில்லை. பதிவில் கேட்ட பாடலை அப்படியே கேட்க விழையும் அவையின் எதிர்பார்ப்புக்குச் சீக்வென்சரே எளிதாக ஈடுகொடுத்தது.

முடிவுரை

தேவிகுளம் மேடையில் பக்கவாத்தியக்காரர் செய்தது பாடகரைக் கேட்டு உடன் செல்லுதல். சீக்வென்சரோடு வாசிக்கும் இன்றைய தாளக்கலைஞர் செய்வது கணினியைக் கேட்டு உடன் செல்லுதல். இருவருக்கும் நுண்ணிய செவித்திறன் தேவை; கேட்கப்படுபவரே மாறியுள்ளார். இம்மாற்றத்தால் ஒலியின் துல்லியம் கூடியது. பாடலை அவ்விடத்திலேயே நீட்டவும் நிறுத்தவும் இருந்த உரிமை சுருங்கியது. தமிழ் மெல்லிசை வரலாற்றை எழுதுவோர் இசையமைப்பாளரையும் ஒலிப்பதிவுக்கூடத்தையும் பதிவுசெய்வதோடு, மேடையில் காலம் யாரிடம் இருந்தது என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும்.