வளரிளம் பருவமும் விரைவோட்டமும்

ஓட்டத்தை மனிதன் போட்டியாக்கிய வரலாறு மிகத் தொன்மையானது. கிரேக்கத்து ஒலிம்பியாவிலே கி. மு. 776இல் நிகழ்ந்ததாகக் குறிக்கப்படும் முதல் விழாவில், ஏறத்தாழ 192 மீற்றர் நீளமான ஓட்டம் ஒன்றே நடைபெற்றது. கி. மு. 632இல் சிறுவர்க்கெனத் தனியோட்டம் வகுக்கப்பட்டது. வளர்ந்தவனோடு வளராதவனை ஓடவிடுதல் முறையன்று என்பதை அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர். ஆயினும், ஒரே வயதுச் சிறுவரிடையேயும் வளர்ச்சி பெரிதும் வேறுபடும் என்னும் உண்மை அளந்து நிறுவப்படுதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

பிரான்சு தேசத்து மொன்பெயார் என்னும் பிரபு 1759 தொடக்கம் 1777 வரை தம் மைந்தனின் உயரத்தைக் காலந்தோறும் அளந்து குறித்துவந்தார். அக்குறிப்பை இயற்கை நூலறிஞர் புபோன் வெளியிட்டார். பிறந்தது முதல் படிப்படியாகக் குறைந்து செல்லும் வளர்ச்சி வேகம், வளரிளம் பருவத்திலே திடீரென உயர்ந்து பின் அடங்குவதை அது காட்டிற்று. இருபதாம் நூற்றாண்டில் இவ்வாராய்ச்சியை விரிவுபடுத்தியவருள் தலைசிறந்தவர் ஆங்கிலேய மருத்துவர் ஜேம்ஸ் தானர். இளமையில் தடைதாண்டி ஓட்ட வீரராகவும் விளங்கிய அவர், ஹார்ப்பெண்டன் என்னுமிடத்துச் சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளைப் பல்லாண்டுகள் அளந்தாராய்ந்தார். வளரிளம் பருவ வளர்ச்சி பற்றிய அவரது நூல் 1955இல் வெளிவந்தது. இவ்வேக வளர்ச்சி பெண்பிள்ளைகளுக்குச் சராசரி பன்னிரண்டாம் வயதிலும், ஆண்பிள்ளைகளுக்குப் பதினான்காம் வயதிலும் உச்சமடையும். எனினும் இது சராசரியேயன்றி விதியன்று. ஒரே நாளிற் பிறந்த இருவருள் ஒருவன் இளைஞனாகவும் மற்றவன் குழந்தையாகவும் தோன்றுதல் இயல்பேயாம்.

இவ்வுண்மை விரைவோட்டத்தை நேரே தாக்குகின்றது. நூறு மீற்றர் ஓட்டத்திலே வெற்றியைத் தருவன காலின் நீளமும், தசையின் வலிமையும், நரம்பும் தசையும் ஒருங்கியங்கும் விரைவுமாம். இவற்றுள் முன்னைய இரண்டும் வளர்ச்சியோடு தாமே கூடுவன. எனவே பதின்மூன்று வயதினர் ஓடும்போது முதலில் வருபவன் பெரும்பாலும் முந்தி வளர்ந்தவனே. அவ்வோட்டம் அன்றைய உடலை அளக்கின்றதேயன்றி, நாளைய ஆற்றலை அளப்பதில்லை. பிந்தி வளர்பவன் சில ஆண்டுகளில் அவனை எட்டிப்பிடித்தலும், முந்திச் செல்லுதலும் உண்டு.

இலங்கையின் புகழ்பெற்ற ஓட்டவீரர் வரலாறும் பொறுமையின் பயனையே காட்டுகின்றது. கண்டித் திரித்துவக் கல்லூரி மாணவரான டங்கன் வைற், 1948இல் இலண்டன் ஒலிம்பிக் விழாவில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தை 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றபோது அவருக்கு வயது முப்பது. இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அடுத்த பதக்கம் 2000ஆம் ஆண்டு சிட்னியில், 200 மீற்றர் ஓட்டத்திலே, இருபத்துநான்கு வயதான சுசந்திகா ஜயசிங்கவுக்குக் கிடைத்தது. 2022இல் யுபுன் அபேகோன் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடித் தென்னாசியாவில் எவரும் முன்பு எட்டாத வேகத்தை எட்டியபோது அவருக்கு வயது இருபத்தேழு.

இனி, இரத்தோட்டை போன்ற மலைப்பிரதேசங்களை நோக்குவோம். நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்த இவ்வூரைச் சூழத் தோட்டங்கள் பல உள. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென வந்த தமிழகத்துத் தொழிலாளர், மன்னாரிற் கரையிறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தனர். வழியில் மாண்டோர் பலர். அத்தகைய நடையைத் தாங்கிய மக்களின் வழித்தோன்றல்களுக்கு உடலுறுதி இல்லையென யார் கூறுவர்? ஆயினும் தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை நெடுங்காலம் ஐந்தாம் வகுப்புடனேயே நின்றன. வளர்ச்சியின் வேகம் தொடங்குமுன்பே பிள்ளை பாடசாலையை விட்டு நீங்கிற்று. அதன் ஓட்டத்தை அளக்க எவருமிலர்.

இன்று பாடசாலை உண்டு. ஆனால் ஊட்டக் குறைவு நீங்கவில்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்விலே, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவ நூற்றுக்குப் பதினேழு பேராக இருக்க, தோட்டப் பகுதியில் நூற்றுக்கு முப்பத்திரண்டு பேராகக் காணப்பட்டனர். ஊட்டம் குன்றிய உடல் பிந்தியே வளரும். பிறந்த தேதி ஒன்றையே கொண்டு வயதுப் பிரிவு வகுத்து, ஒரேயோர் ஓட்டத்தால் தெரிவு செய்வோமாயின், தோட்டத்துப் பிள்ளை இருமுறை தோற்கின்றது: உணவில் ஒருமுறை, ஓட்டத்தில் ஒருமுறை.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தையும் நிறையையும் குறித்தல் வேண்டும். ஓட்டத்தோடு நின்றநிலைப் பாய்ச்சலையும் அளந்து, ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் அதன் பழைய அளவோடு ஒப்பிடல் வேண்டும். பின்தங்கியவரைப் பயிற்சியினின்று விலக்கலாகாது. இவற்றுக்கு ஓர் அளவுநாடாவும் ஒரு குறிப்பேடும் போதும். தம் மகனை அளந்த பிரெஞ்சுப் பிரபுவிடம் இவற்றினும் மேலான கருவி இருந்ததில்லை. அவரிடம் இருந்தது பதினெட்டு ஆண்டு காத்திருக்கும் பொறுமை. அதில் ஐந்தாண்டுப் பொறுமையேனும் நம் பாடசாலைகளுக்கு வாய்க்குமாயின், கடைசியாக ஓடிவரும் சிறுவர் சிலர் முதல்வராதலை நாடு காணும்.