பேரிடர் நடுவே பிறப்பு: வரலாறு மறந்த மருத்துவச்சிகள்



ஆழிப்பேரலையைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள். இறந்தோர் தொகை, நிலநடுக்கத்தின் அளவு, அழிந்த ஊர்கள் என்று கரும்பலகை நிறைய எழுதியிருந்தேன். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அன்றைக்குப் பிறக்க வேண்டிய குழந்தைகள் எங்கே பிறந்தார்கள்?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. இக்கட்டுரை அக்கேள்வியைத் தொடர்ந்து நான் படித்தறிந்தவற்றின் தொகுப்பாகும்.

மரத்தின் மேல் ஒரு பிறப்பு

2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் பெருவெள்ளம் வந்தது. லிம்போபோ ஆறு கரைபுரண்டபோது, நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் மரத்தில் ஏறி உயிர் காத்தார். பல நாள்கள் அங்கேயே தங்கியிருந்த அவருக்கு மார்ச் 1ஆம் நாள் அம்மரத்தின் மேலேயே பெண் குழந்தை பிறந்தது. தென்னாப்பிரிக்க இராணுவ ஹெலிகாப்டரிலிருந்து மருத்துவ உதவியாளர் இறக்கிவிடப்பட்டுத் தாயையும் சேயையும் மீட்டனர். அந்தப் படத்தை உலகமே பார்த்தது.

ஆனால், இது விதிவிலக்கான நிகழ்ச்சி அன்று; கண்ணில் பட்ட நிகழ்ச்சி, அவ்வளவே. பேரிடர் மருத்துவத்தைத் திட்டமிடுவோர் ஒரு கணக்கு வைத்திருக்கின்றனர். பாதிக்கப்பட்ட மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேர் கர்ப்பிணிகளாக இருப்பர். பத்தாயிரம் பேர் தங்கும் முகாமில் இவர்கள் ஏறத்தாழ 400 பேர். பிரசவங்களுள் சுமார் 15 விழுக்காட்டில் சிக்கல் எழும். நிலம் நடுங்கியது என்பதற்காகக் கருப்பை காத்திருப்பதில்லை.

சோப்பும் பிளேடும்

இவ்வளவு தெளிவான உண்மையை நிவாரண அமைப்புகள் நெடுங்காலம் கருத்தில் கொள்ளவில்லை. உணவு, நீர், கூடாரம், தடுப்பூசி ஆகியவையே அவற்றின் பட்டியலில் இருந்தன. 1994ஆம் ஆண்டு கெய்ரோவில் நடைபெற்ற மக்கள்தொகை மாநாட்டை ஒட்டியே அகதிப் பெண்களின் மகப்பேற்று நலம் உலக அரங்கில் வலுவாகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு பல அமைப்புகள் இணைந்து ஒரு குழுவை அமைத்தன. பேரிடரின் முதல் நாள்களிலேயே செய்ய வேண்டிய குறைந்தபட்சப் பணிகளை அக்குழு வரையறுத்தது.

அதில் எனக்கு வியப்பளித்தது ஒரு சிறு பொட்டலம். ஒரு சோப்புக்கட்டி, விரிப்பதற்கு ஒரு நெகிழித் தாள், ஒரு புதிய பிளேடு, கொடியைக் கட்ட நாடா, குழந்தையைப் போர்த்தத் துணி, கையுறை ஆகியவையே அதிலுள்ள பொருள்கள். மருத்துவமனையை அடைய முடியாத தாயின் கையிலேயே இது கொடுக்கப்படுகிறது. துருப்பிடித்த கத்தியால் அறுக்கப்படும் தொப்புள்கொடி வழியே இரணசன்னி நோய் நுழைந்து பச்சிளங்குழந்தையைக் கொன்றுவிடும். அதைத் தடுக்கச் சோப்பும் புதிய பிளேடும் பெரிதும் உதவும்.

ஆச்சேயின் ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26, ஞாயிறு, காலை 7.58. சுமத்திராவுக்கு அப்பால் 9.1 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. நம் நாட்டில் 68 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள். நாகப்பட்டினமும் மட்டக்களப்பும் அதே அலையில் சிதைந்தன. இந்தோனேசியாவிலோ இறந்தோரும் காணாமற்போனோரும் 167,000 பேருக்கு மேல்.

அவர்களுள் பெண்களே மிகுதி. ஆச்சே பெசார் மாவட்டத்தின் நான்கு ஊர்களில் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு எடுத்த கணக்கின்படி, உயிர் பிழைத்த 676 பேரில் பெண்கள் 189 பேர் மட்டுமே. ஆண்களுள் பலர் ஆழ்கடலில் மீன் பிடித்துக்கொண்டோ வெளியூர் சென்றோ இருந்தனர். பெண்கள் குழந்தைகளோடு கரையோர வீடுகளில் இருந்தனர். பிள்ளைகளை விட்டு ஓட அவர்களால் இயலவில்லை.

பிரசவம் பார்த்த ஊர் 'பிடான்'களுள் பலரும் அலையில் மடிந்தனர். பண்டா ஆச்சேயின் பெரிய மருத்துவமனை சேற்றில் மூழ்கியது. உள்நாட்டுப் போரால் அடைபட்டுக் கிடந்த அம்மாநிலத்துக்குள் அப்போதுதான் வெளிநாட்டுத் தொண்டூழியர்கள் பெருமளவில் நுழைய முடிந்தது.

அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர் ராபின் லிம். பிலிப்பீன்ஸ் தாய்க்கும் அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்த இவர், பாலித் தீவில் ஏழைத் தாய்மார்களுக்காகப் பிரசவ நிலையம் நடத்தி வந்தவர். தம் உடன்பிறந்த தங்கையைக் கர்ப்பகாலச் சிக்கலுக்குப் பறிகொடுத்த துயரமே இவரை இப்பணிக்குத் திருப்பியது. அலை ஓய்ந்தபின் மேற்கு ஆச்சே சென்ற இவர், சமாத்திகாவில் ஒரு பிரசவ நிலையத்தை நிறுவினார். அவசர உதவியோடு திரும்பிவிடாமல் நிலையான ஓர் இடத்தை உருவாக்கியதுதான் இவர் பணியின் சிறப்பு. பின்னர் 2010இல் எய்ட்டி நிலநடுக்கத்தின்போதும், 2013இல் பிலிப்பீன்ஸ் புயலின்போதும் இவர் அதே பணிக்குச் சென்றார்.

நம் நாட்டிலிருந்து ஆச்சே சென்ற அமைப்புகளுள் 'மெர்சி மலேசியா' குறிப்பிடத்தக்கது. 1999இல் அதனைத் தோற்றுவித்த டாக்டர் ஜெமிலா மாமுட் ஒரு மகப்பேற்று மருத்துவர் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மின்சாரம் இல்லாத சிற்றாலயம்

2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பீன்ஸின் தாக்லோபான் நகரைத் தாக்கியது. 6,300 பேருக்கு மேல் இறந்தனர். மூன்று நாள் கழித்து, இடிந்த விமான நிலையத்தில் இராணுவ மருத்துவர்கள் ஒரு பெண் குழந்தையைப் பிறப்பித்தனர். கைதட்டிக் கொண்டாட வேண்டிய நிகழ்ச்சிதான்.

ஆனால், அதே நகரின் மருத்துவமனையொன்றில் சிற்றாலயமே பச்சிளங்குழந்தைகளின் வார்டாக மாறியிருந்தது. மின்சாரம் இல்லை, மூச்சுக்கருவி இயங்கவில்லை. பெற்றோர் கையால் காற்றுப்பையை இடைவிடாமல் அழுத்தி மூச்சு கொடுத்தனர். எல்லாக் குழந்தைகளும் பிழைக்கவில்லை. தொண்டூழியரின் அன்பு மட்டும் போதாது. மின்னாக்கியும் உயிர்க்காற்றும் வேண்டும் என்பதே அங்கு கிடைத்த கசப்பான பாடம்.

வெறுமையை நிரப்பிய பிள்ளைகள்

ஆச்சேயைப் பல ஆண்டுகள் ஆய்ந்த அறிஞர்கள் 2015இல் ஒரு முடிவை வெளியிட்டனர். அலைக்குப் பின் அங்குப் பிறப்பு விகிதம் உயர்ந்தது. பிள்ளையை இழந்த தாய்மார்கள் மீண்டும் பெற்றெடுத்தனர். அதுவரை பிள்ளை பெறாத பெண்களும், உயிரிழப்பு மிகுந்த ஊர்களில், முன்கூட்டியே குடும்ப வாழ்வைத் தொடங்கினர். தன் வீட்டு இழப்பை மட்டுமன்றி ஊரின் இழப்பையும் அவர்கள் ஈடுசெய்தனர் எனலாம். அப்பிரசவங்களை யார் பார்த்தார்கள் என்பதை எண்ணினால், அந்த மருத்துவச்சிகளின் பணி எத்தகையது என்பது விளங்கும்.

நமக்கு என்ன?

2014 டிசம்பர் வெள்ளத்தில் கிழக்குக்கரை மாநிலங்களில் 200,000 பேருக்கு மேல் வீடுகளை விட்டு வெளியேறினர். வெள்ளம் வந்தால் நம் நாட்டில் முதலில் திறக்கப்படுவது பள்ளிக்கூடம். அதாவது, நம் வகுப்பறைதான் நிவாரண மையம். அங்கு வருவோருள் கர்ப்பிணிகள் எத்தனை பேர், அவர்களுக்குத் தனி அறை உண்டா, அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லும் வழி திறந்திருக்கிறதா என்பன ஆசிரியராகிய நாம் கேட்க வேண்டிய கேள்விகள். நிறைமாதக் கர்ப்பிணி உள்ள வீட்டார், தண்ணீர் வாசலுக்கு வரும்வரை காத்திராமல் மேட்டு நிலத்துக்குச் செல்வதும், மருத்துவக் குறிப்பேட்டை உடன் எடுத்துச் செல்வதும் நலம்.

நம் பாட்டிமார் பலர் தோட்டத்து லயங்களில் மருத்துவச்சிகளின் கையில் பிறந்தவர்கள். அந்த மருத்துவச்சிகளின் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. வீட்டு மூத்தோரிடம் கேட்டு அப்பெயர்களை எழுதி வருமாறு என் மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன். அந்த மாணவி நான்கு பெயர்களோடு வந்தாள்.